கிணற்றுக்குள் அசிற் ஊற்ற வேண்டாம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை கோப்பாய்ப் பக்கமிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்து ஐந்து போத்தல் அசிற் கேட்டார். கக்கூஸ் கழுவ இவ்வளவு எதற்கு என்று விசாரித்தோம். "கழுவ இல்லைத் தம்பி, கிணத்துக்கை ஊத்தத்தான். கேத்தில் முழுக்கக் கல்லுப் பிடிக்குது. அசிற் விட்டால் தண்ணி நல்லாகுமாம்" என்றார். நாங்கள் கொடுக்கவில்லை. அவர் முகம் வாடித் திரும்பிப் போனார். கடை நிறையச் சனம்; ஏன் மறுத்தோம் என்று ஆறுதலாக விளங்கப்படுத்த நேரம் கிடைக்கவில்லை. அது மனதை உறுத்தியதால்தான் இந்த மடல்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்து காபோனிக்கமிலமாகும். அதனால் சுத்தமான மழைநீருக்கே பீஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; 7க்குக் கீழே என்றால் அமிலம்) 5.6 அளவில் இருக்கும். மண்ணுக்குள் இறங்க, வேர்கள் விடும் காபனீரொட்சைட்டும் சேரும். இந்தக் காபோனிக்கமிலம் மிக மெல்லியதுதான். ஆனால் கல்லைத் தொட்டுத் தொட்டுக் கரைத்து, தண்ணீரில் கரைந்து நிற்கும் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கேத்திலில் தண்ணீர் கொதிக்கும்போது வாயு பறந்துவிடும். கரைந்த கல் திரும்பக் கல்லாகி அடியில் படியும். அதாவது, உங்கள் கேத்திலில் இருப்பது உங்கள் காணிக்குக் கீழே இருந்த கல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கல்லைத் தண்ணீருக்குள் கொண்டுவந்ததே ஓர் அமிலம். அதற்கு மேல் போத்தல் அசிற்றை, அதாவது ஐதரோகுளோரிக்கமிலத்தை, ஊற்றினால் என்ன நடக்கும்? முதலில் தண்ணீரிலுள்ள இருகாபனேற்றோடு தாக்கமடையும். மிச்சம் கிணற்றுச் சுவரைத் தின்னும். செறிந்த அமிலம் 1 லீற்றர், கணக்குப்படி 600 கிராம் அளவு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அவ்வளவும் கல்சியம் குளோரைட்டாகத் தண்ணீரிலேயே நிற்கும். காய்ச்சினாலும் போகாது, அதைத்தான் நிரந்தர வன்மை என்கிறோம். சவர்க்காரம் இன்னும் நுரைக்காது, தண்ணீரும் உவர்க்கும். குடிக்கிற கிணறு, பிள்ளைகள் இருக்கிற வீடு. வேண்டவே வேண்டாம்.

சரி, கேத்திலுக்கு என்ன செய்வது? வினாகிரி போதும். பனங்கள்ளு வினாகிரி வீட்டில் இருந்தால் அதுவும் நல்லது. பாதி வினாகிரி, பாதி தண்ணீர் விட்டு, இளஞ்சூடாக்கி அரை மணித்தியாலம் வையுங்கள். கிட்டக் குனிந்து பார்த்தால் வெள்ளைப் படையிலிருந்து ஊசிமுனையளவு குமிழிகள் கிளம்புவது தெரியும். அதுதான் கல் கரைகிற அடையாளம். பிறகு இரண்டு தரம் அலசி, ஒரு தரம் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள்.

"வினாகிரி மெல்லிசுதானே, அது கல்லைக் கரைக்குமோ?" என்று பலர் கேட்கிறார்கள். வன்னமிலம், மென்னமிலம் என்பது எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பதைப் பற்றிய பேச்சு அல்ல. ஐதரோகுளோரிக்கமிலம் தண்ணீரில் விழுந்தவுடன் தன்னிடமுள்ள, கல்லைக் கரைக்கும் ஐதரசன் அயன்கள் முழுவதையும் விட்டுவிடும். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலமோ நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் விடும். மற்றதைக் கையிருப்பாக வைத்திருக்கும். விட்டது கல்லோடு செலவாகச் செலவாக, கையிருப்பிலிருந்து அடுத்தது வரும். அதனால்தான் ஆறுதலாக, ஆனால் தொடர்ந்து வேலை செய்கிறது. குத்துவிளக்குக்குப் பழப்புளி போட்டு விளக்குவதும் இப்படியொரு மென்னமிலத்தின் வேலைதான். தேசிக்காயும் அப்படியே.

போத்தல் அசிற்றைக் கக்கூஸ் கோப்பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் பட்டால் அரித்துவிடும். இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்: கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை எங்கள் வீடுகளில் அசிற் போத்தலுக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் அது உயிரையே எடுக்கும். தூளை வேறு அறையில், உயரத்தில் வையுங்கள்.

பற்றரிக்காரருக்கும் ஒரு சொல். பற்றரியில் மட்டம் குறைவது தண்ணீர் போவதால். சல்பூரிக்கமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே விடவேண்டியது வடித்த நீர். அசிற்றும் அல்ல, கிணற்றுத் தண்ணீரும் அல்ல. எங்கள் கடைப் பையன் ஒருவன் முன்பு ஒருநாள் செறிந்த சல்பூரிக்கமிலத்துக்குள் ஒரு குவளை தண்ணீரை விட்டான். தண்ணீர் மேலேயே நின்று, அந்த நொடியில் கொதித்துத் தெறித்தது. முழங்கைவரை பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து கடையில் ஒரே பழக்கம்: தண்ணீருக்குள் அமிலம், சிறுகச் சிறுக, கலக்கியபடி. தோலில் பட்டால் குழாயடியில் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் பிடியுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள்.

இந்த மாதத்திலிருந்து சோடாப் போத்தலில் யாருக்கும் அசிற் ஊற்றித் தரமாட்டோம். மூடி போட்டு, பெயர் ஒட்டிய போத்தலில் மட்டுமே. ஐந்து போத்தல் கேட்ட அம்மாவை யாருக்காவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள்: அவருக்கு ஒரு போத்தல் வினாகிரி எடுத்து வைத்திருக்கிறோம், காசு வேண்டாம்.

அன்புடன்,
கடைக்காரர்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்