உடம்பு துடைக்கும் வேளையில் தெரிவது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமன்று. அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் 19 நாட்கள் படுத்திருந்தார். அத்தனை நாளும் அட்டெண்டராக அவருடன் இருந்தவள் நான்தான். 1976இல் நாம் இருவரும் ஒரே விடுதி அறையில் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வார்டில் நின்றே பழகிய எனக்கு, கட்டிலுக்கு மறுபக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பது இதுவே முதல் முறை. முதலாண்டு மாணவிகளுக்கு அடிப்படைச் செவிலியப் பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய் அல்லவா? அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்ததைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

அறுவைச் சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விழுந்த மறுநாளே முதுகில் மயக்க ஊசி போட்டுப் இடுப்பு மூட்டின் பாதியை மாற்றிவிட்டார்கள். டிரிப் ஓடுவதைக் கணக்கிட நம்மைப் போல் யாரும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணவில்லை, பம்ப் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு கட்டிலிலும் கை சுத்தம் செய்யும் திரவம் தொங்கியது. நம் காலத்தில் வார்டு நடுவில் ஒரு பேசினில் லோஷனும், அதன் மேல் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு துண்டும் இருந்ததை நினைத்து எனக்குள் வெட்கப்பட்டுக்கொண்டேன்.

குறையாக என் கண்ணில் பட்டது வேறொன்று. உடம்பு துடைத்துவிடும் வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு ஓர் உதவியாளர் அம்மாள் வந்து நான்கு நிமிடங்களில் முடித்தார். திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, வாய் கழுவுவது எல்லாம் அட்டெண்டர் பொறுப்பு என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. செவிலியர்கள் மருந்து கொடுத்தார்கள், கணினியில் பதிந்தார்கள், ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர்களுக்குப் பதில் சொன்னார்கள். இரவில் 16 கட்டில்களுக்கு இரண்டே பெண்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உடம்பு துடைக்கும் வேலை செவிலியின் கையை விட்டுப் போகும்போது, அந்தக் கையோடு இருந்த கண்ணும் போய்விடுகிறது. இதை நான் முன்பு ஒருபோதும் இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

துடைக்கும்போதுதான் முதுகின் அடிப்பகுதியும் குதிகாலும் தெரிகின்றன. டிரிப் ஊசி போட்ட இடத்திலிருந்து இரத்தக் குழாயோடு மேலேறும் சிவந்த கோடு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருப்பது, நாக்கு காய்ந்திருப்பது, பக்கவாட்டில் திருப்பியதும் மூச்சு இரைப்பது, நேற்று ஒழுங்காகப் பேசியவர் இன்று கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது என எத்தனையோ, நிதானமாகத் துடைக்கும் பத்து நிமிடங்களில் தெரிந்துவிடும். மருத்துவரின் ரவுண்ட்ஸில்கூட இத்தனையையும் ஒருசேரப் பார்க்க முடியாது. அதைத் துப்புரவு வேலை என்று பெயரிட்டு ஒதுக்கியதுதான் தவறு. உன் மாணவிகளுக்கு அதை முதல் பரிசோதனையாகச் சொல்லிக்கொடு.

மூன்றாம் நாள் அண்ணனின் முதுகு அடியில் ஓர் இடம் நிறம் மாறியிருந்ததை அப்படித்தான் பார்த்தேன். விரலால் அழுத்தி எடுத்தேன். நிறம் வெளுத்துத் திரும்பவில்லை. படுக்கைப் புண் இன்னும் வெளியே தெரியாத முதல் நிலை அது. இதில் ஒன்று சொல்ல வேண்டும். பாடப் புத்தகங்கள் ‘சிவப்பு’ என்று எழுதுவது வெள்ளைத் தோலைப் பார்த்து. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கும், தொட்டால் சூடாகவோ இறுகியோ கொழகொழப்பாகவோ இருக்கும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பார்க்கப் பழக்க வேண்டும். படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, கவனிப்பின் குற்றம் என்று நைட்டிங்கேல் அம்மையார் 1859இலேயே எழுதிவிட்டார். எப்படிக் கவனித்தாலும் தவிர்க்க முடியாத புண்களும் உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். என்றாலும் அண்ணனுக்கு வரவிருந்தது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இனி என் வெட்கக்கேட்டையும் கேள். அந்த இடத்தைப் பார்த்தவுடன் என் கை தானாகவே ஸ்பிரிட்டையும் பவுடரையும் தேடியது. நான்கு மணிக்கொரு முறை பேக் கேர், நன்றாக வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று நம் டியூட்டர் சொல்லிக் கொடுத்தது எலும்பு வரை ஏறியிருக்கிறதே. தேய்க்கத் தொடங்கியதும், பேத்தி வயதுள்ள ஒரு நர்ஸ் ஓடிவந்து, “அம்மா, அந்த இடத்தைத் தேய்க்காதீங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால் அவள் சொன்னதே சரி. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் நசுங்கி இரத்த ஓட்டம் குன்றி, உள்ளே சிறு குழாய்கள் ஏற்கெனவே கெட்டுப்போன இடம் அது. மேலே தேய்ப்பது உள்ளே கிழிப்பதற்குச் சமம். ஸ்பிரிட்டோ தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். அண்ணன் மகனிடம் வாங்கிவரச் சொல்லியிருந்த காற்று வளையத்தையும் அவள் வேண்டாமென்றாள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்துவிடுமாம். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்போமே, அதுவும் இப்போது கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நாம் அக்கறையோடு செய்த எத்தனை வேலைகள் தீங்காக முடிந்தனவோ தெரியவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு எது கூடாது என்று தெரிந்த அளவுக்கு, அண்ணனைத் திருப்பக் கை வரவில்லை. மூட்டு மாற்றிய காலைத் தொடவே எல்லோருக்கும் பயம். கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, முழங்கால்கள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போகாமல், இடுப்பும் தோளும் ஒரே மரக்கட்டை போல நகரும்படி இரண்டு பேர் இடுப்புக்கு அடியில் குறுக்கே விரித்த டிரா ஷீட்டைப் பிடித்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் அழுத்தம் இடுப்பருகே தொடையெலும்பின் முனைக்கு மாறிவிடும். இழுக்கக் கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும். இரண்டு மணிக்கொரு முறை என்பது தொடக்கக் கணக்கு. தோல் என்ன சொல்கிறதோ அதற்கேற்ப அதைக் குறைக்கவும் கூட்டவும் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை மாணவிகளிடம் மறைக்காதே. புரையேறாமல் இருக்கத் தலைமாட்டை உயர்த்தச் சொல்கிறோம். உயர்த்தினால் நோயாளி மெல்ல மெல்லக் கீழே சரிகிறார். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டிருக்க எலும்பு மட்டும் நழுவும்போது முதுகடியில் சதை உள்ளுக்குள் பிய்கிறது. நுரையீரலுக்கு நல்லது தோலுக்குக் கெடுதலாகிறது. அண்ணனுக்கு முழங்கால் பக்கத்தைச் சிறிது உயர்த்திய பிறகே தலைமாட்டை உயர்த்தினோம்; உணவு நேரத்திலும் அதற்குப் பின் அரைமணி நேரமும் மட்டும் நன்றாக நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு 30 டிகிரிக்கு இறக்கினோம். இத்தகைய ஈடுகட்டல்கள்தாம் செவிலியத்தின் பாதி என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் இரவு அண்ணனுக்கு மனம் குழம்பிவிட்டது. டிரிப்பைப் பிடுங்கிவிட்டு, பள்ளி மணி அடித்துவிட்டது என்றும் சாவியைக் கொண்டுவா என்றும், இறந்துபோன அம்மாவைக் கூப்பிட்டார். கையைத் துணியால் கட்டிலில் கட்டலாம் என்றார்கள்; நான் சம்மதிக்கவில்லை. கட்டினால் வெறி கூடுமே தவிரக் குறையாது. காரணத்தைத் தேடினால் அது நம் கண் முன்னாலேயே இருந்தது. மூன்றாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். கிருமி ஏறாமலிருக்க அது நல்ல முடிவுதான். ஆனால் தலைமையாசிரியராக இருந்த மனிதர், தங்கையிடம் யூரின் பாட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருக்கிறார். சார்ட்டில் குடித்தது 1500 மில்லி என்று எழுதியிருந்தது. மேசையில் வைத்த ஜக்கின் அளவை எழுதியிருக்கிறார்கள், உள்ளே போன அளவையன்று. எங்கள் வீட்டு டம்ளர் 150 மில்லி பிடிக்கும். அதை வைத்து நான் கணக்குப் போட்டபோது கஞ்சி, காபி எல்லாம் சேர்த்து 700 மில்லிகூடத் தேறவில்லை. வலி மாத்திரையால் நான்கு நாட்களாக மலம் கழியவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் பையில் பத்திரமாக இருந்தன. இரவு முழுக்க டியூப்லைட் எரிந்தது. பாதி கேட்காமல், பாதி தெரியாமல், வறண்டு போய், தூங்காமல் இருந்தால் உனக்கும் எனக்கும்கூடப் பள்ளி மணி கேட்கும்.

கண்ணாடியைப் போட்டுவிட்டு, கருவியை மாட்டி, எதிர்ச் சுவரில் கடிகாரத்தை மாற்றி வைத்து, பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தோம். மலமிளக்கி கொடுத்தார்கள். பெட்பேனுக்கும் பாட்டிலுக்கும் ஓர் ஆண் உதவியாளரை, அண்ணன் கேட்கும் வரை காத்திராமல், திருப்பும் நேரத்தோடு சேர்த்து இரண்டு மணிக்கொரு முறை வரச் சொன்னேன். திரையை இழுத்து மூடியபிறகு, வலி இருக்கிறதா, சிறுநீர் வருகிறதா, தண்ணீர் வேண்டுமா, அழைப்பு மணி கைக்கெட்டுகிறதா என்று ஒரே வரவில் நான்கையும் கேட்டுவிடுவார். மூன்று நாளில் அண்ணன் பழைய அண்ணனாகி, சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டார். திரை இழுப்பது மரியாதைக்காக என்று மட்டும் நாம் சொல்லிக்கொடுத்தோம். திரையில்லாத இடத்தில் நோயாளி தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் மாலை நடந்ததை எழுதாவிட்டால் நீ என்னை மன்னிக்கமாட்டாய். நாடி பிடிப்பது போல மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, நோயாளி அறியாமல் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று உன்னை மூன்று முறை திரும்பச் செய்ய வைத்தார்களே, நினைவிருக்கிறதா? சார்ட்டில் எல்லா நாளும், எல்லா வேளையும், எல்லா நோயாளிக்கும் மூச்சு 20 என்றே இருந்தது. நான் எண்ணியபோது 26. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் 96 என்று பச்சையாகக் காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உடம்பு முதலில் மூச்சைக் கூட்டித்தான் ஆக்ஸிஜனைச் சமாளிக்கும். அந்த எண் இறங்குவது அது தோற்ற பிறகு. இங்கிலாந்தில் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் எண் கூடினால் ஆபத்து என்று பொருள்; ஆக்ஸிஜன் 96க்குப் பூஜ்யம்தான் விழும். மூச்சு 25ஐத் தொட்டாலோ அது ஒன்றுக்கே 3 மதிப்பெண் போட்டு, உடனே வந்து பார்க்கச் சொல்கிறார்கள். என்னைத் தடுத்த அதே பெண்ணிடம் சொன்னேன். அவள் தானும் ஒரு நிமிடம் எண்ணிவிட்டு டியூட்டி டாக்டரை அழைத்தாள். வலது நுரையீரலின் அடியில் சளி கட்டத் தொடங்கியிருந்தது. மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை ஒரு வாரமாக மேசையில் வைத்திருந்தார்கள். உறிஞ்ச வேண்டிய அதை அண்ணன் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த நானும் அதைக் கவனிக்கவில்லை.

வாய் சுத்தத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பல்செட்டைக் கழற்றிக் கழுவாமல் விட்டால் அங்கிருக்கும் கிருமிகள்தாம் நுரையீரலுக்கு இறங்குகின்றன என்பதை நீ என்னைவிட நன்றாகச் சொல்வாய். வீட்டுக்கு அனுப்பும் நாளில் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அண்ணன் வீட்டில் போட்டுக்கொள்வது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பி. மருத்துவமனையில் தந்தது 100 யூனிட். வீட்டிலுள்ள 40க்கான சிரிஞ்சில் இதை அதே கோடுவரை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். மருந்துப் பையைக் கையில் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கினார்களே தவிர, இதை ஒருவரும் சொல்லவில்லை. அட்டெண்டர் ஒரு பழைய நர்ஸாக இல்லாத வீட்டில் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். முதல் வாரம் பாடமே நடத்தாதே. மாணவிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருத்தியை ஆய்வகக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல். மற்றவள் அவளுக்குப் படுத்தவாக்கில் தண்ணீர் புகட்டட்டும், சாதம் ஊட்டட்டும், பல் துலக்கிவிடட்டும். திரையில்லாமல் ஒருமுறை பெட்பேனில் உட்காரவும் வை, உடையோடுதான். பிறகு இடம் மாறட்டும். குதிகால் எங்கே வலித்தது, எதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது என்று அவர்களையே எழுதச் சொல். இரண்டாம் வாரம் அந்தத் தாள்களை வைத்துப் பாடத்தைத் தொடங்கு.

அண்ணன் இப்போது வாக்கரைப் பிடித்துத் தெருமுனை வரை போய்வருகிறார். முதுகடியில் தழும்பு ஒன்றுமில்லை; நேற்றும் தொட்டுப் பார்த்தேன். உன் மாணவிகள் நாளுக்கு எத்தனை மணி நேரம் வார்டில் நிற்கிறார்கள் என்றும், அதில் எத்தனை நேரம் நோயாளியைத் தொட்டு வேலை செய்ய விடுகிறார்கள் என்றும் பதிலில் எழுது. கல்லூரியில் கட்டில் காலியாக இருக்கும் வாரமாகப் பார்த்துச் சொன்னால் நானும் வருகிறேன். ஒருத்தி குறைந்தால் இரண்டு மணி நேரம் நான் படுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி