கையெழுத்து வேறு, ஏற்பு வேறு

ஆசிரியருக்கு,

ஏதாவது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட்டதுமே அது சட்டமாகிவிட்டதைப் போல நம் செய்திகள் எழுதப்படுகின்றன. பெரும்பாலான பலதரப்பு ஒப்பந்தங்களில் கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம் மட்டுமே. தாலி கட்டுவது அதன் பிறகு வரும் ஏற்புறுதி. அந்தந்த நாட்டு நாடாளுமன்றமோ அமைச்சரவையோ சம்மதித்து, அதற்கான ஆவணத்தை ஒப்படைத்தால்தான் நாடு கட்டுப்படும். போதுமான நாடுகள் அப்படிச் செய்த பின்னரே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

அணு ஆயுதச் சோதனைகளை முற்றிலும் தடை செய்யும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1996இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. அதன் பட்டியலில் உள்ள 44 நாடுகளும் ஏற்புறுதி அளித்தாக வேண்டும் என்பது விதி. இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா கையெழுத்தே இடவில்லை. முதல் நாளே கையெழுத்திட்ட அமெரிக்காவில் செனட் 1999இல் அதை நிராகரித்தது. ஏற்புறுதி அளித்திருந்த ரஷ்யா 2023இல் அதைத் திரும்பப் பெற்றது. ஒப்பந்தம் இன்னமும் நடைமுறைக்கு வரவில்லை.

இத்தனைக்கும், ஒப்பந்தங்களுக்கே இலக்கணம் வகுத்த 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைக்கும் அமெரிக்கா கையெழுத்தோடு சரி!

ஆகவே, 'கையெழுத்தானது' என்று தலைப்பிடும்போது, ஏற்புறுதி எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்