கீழ்வீட்டுப் பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம், சலாம்.

தமிழ்ப் பாட்டுகளை அரபியில் பாடிப் பார்க்க எடுத்துக்கொண்ட ஐந்து பாட்டும் முடிந்துவிட்டன. நேற்று ராத்திரிதான் மிக்ஸிங்குக்காகக் கோடம்பாக்கத்துக்கு அனுப்பினேன். ஸ்டூடியோவுக்குக் கொடுத்த பணம் வீணாய்ப் போனது உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைப் பற்றி இனி பேசப்போவதில்லை. ஷார்ஜாவில் என் படுக்கையறையிலேயே, அலமாரிக் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டுப் பாடி முடித்தேன்.

பக்கத்து மனையில் கட்டட வேலை. விடிந்ததிலிருந்து டிரில்லிங். ஆனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த இரண்டரை மணி நேரம்தான் எனக்கு ஸ்டூடியோ. என் ஏசியை அணைத்துவிடுவேன். கீழ்வீட்டு விண்டோ ஏசியின் உறுமல் மட்டும் ஜன்னல் வழியாக ஏறி மைக்கில் விழும். மெதுவாகப் பாட வேண்டிய இடங்களெல்லாம் பாழ்.

அந்த வீட்டில் சூடானைச் சேர்ந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும். லிஃப்டில் பார்த்தால் சலாம், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள், "ஏன் பாடிப் பாடி நிறுத்துகிறாய்?" என்று கேட்டார். "ஏதோ சத்தம் வருகிறது" என்று மழுப்பினேன். நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது வயதானவர்களிடம் போய் ஏசியை அணையுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? மறுநாள் மதியம் டிரில் நின்றது, உறுமலும் நின்றது. ரிப்பேர் போல என்று நினைத்துப் பாடினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. வாட்ச்மேன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. இருவரும் ஏசியை அணைத்துவிட்டு, கழுத்தில் ஈரத் துண்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "எகிப்தியப் பாடகி உம்மு குல்ஸூம் பாடும் மாதத்தின் முதல் வியாழக்கிழமைகளில் ராத்திரி முழுக்க ரேடியோ முன்னால் கிடந்தவன் நான், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரித்தார். அதோடு விடவில்லை. மூன்றாவது பாட்டு அரபியில் ஒட்டவே இல்லை, அதை உன் பாஷையிலேயே விட்டுவிடு என்றார். கீழே உட்கார்ந்து தினமும் கேட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் நான்கு அரபி, ஒன்று தமிழ்.

மற்றவர்களுக்கும் பட்ட கடன் நிறைய. தோடி ராகப் பாட்டு, குர்த் என்ற மகாமில் (அரபி இசையில் ராகம் மாதிரி) அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. நடபைரவி ராகப் பாட்டைப் பயாத்தி என்ற இன்னொரு மகாமுக்குக் கொண்டுபோனபோதுதான் சிக்கல். ரிஷபம் கால் சுரம் இறங்க வேண்டும், என் கீபோர்டில் அந்தச் சுரமே கிடையாது. அது பிடிபடும்வரை கோபப்படாமல் மீட்டிக் காட்டிய ஊத் (அரபி நரம்பு வாத்தியம்) கலைஞர், அரபியின் அடித்தொண்டை எழுத்துகளைத் திருத்திய டீச்சர், வரிகளுக்குப் பணம் வாங்க மறுத்த சிரியக் கவிஞர், சுலைமானி (பால் சேர்க்காத டீ) அனுப்பிய கஃபெட்டீரியா சேட்டன்மார், ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட சகாக்கள், முடிந்ததைப் போட்ட ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நன்றி.

பெரியவரின் பெயரைப் பாட்டில் போடலாமா என்று கேட்டேன், கூடவே கூடாது என்றுவிட்டார். சரி. இந்தப் பாட்டுகளில் வரும் முதல் காசில் அவர் வீட்டுக்குச் சத்தம் போடாத ஸ்ப்ளிட் ஏசி ஒன்று மாட்டப்போகிறேன். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவர் மனைவியிடம் இப்போதே பேசிவைத்துவிட்டேன்.