உடன்பிறப்புகளைப் பற்றிய படக்கதை நூல்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை முதல், எல்.கே.ஜி. தொடங்கி இரண்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளின் பையில் வாரம் ஒரு படக்கதை நூல் வீட்டுக்கு வரும். இந்தப் பருவத்துக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை உறவைப் பற்றிய கதைகளையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். இவ்வகுப்புகளில் பல குழந்தைகளின் வீட்டில் அண்மையில் இன்னொரு குழந்தை பிறந்திருப்பதும், "பாப்பா வந்ததிலிருந்து இவனுக்குப் பிடிவாதம் அதிகமாகிவிட்டது" என்று தாய்மார்கள் வகுப்பாசிரியர்களிடம் சொல்லி வருவதுமே இதற்குக் காரணம்.

முதலில் ஒரு வேண்டுகோள். கதை முடிந்ததும், "பார்த்தாயா, அந்த அண்ணன் எவ்வளவு சமத்து, நீயும் அப்படி இருக்க வேண்டும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குழந்தை அந்தப் புத்தகத்தை மறுபடி தொடாமல் இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும். தன்னைப் போலவே பொறாமைப்பட்டு, கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்த ஒரு பிள்ளையைப் படத்தில் பார்ப்பதும், அந்தப் பிள்ளையை அம்மாவும் அப்பாவும் அதற்காக வெறுத்துவிடவில்லை என்று தானாகவே கண்டுகொள்வதும்தான் இக்கதைகளால் குழந்தைக்குக் கிடைக்கும் பயன்.

எங்கள் நூலகத்தில் உள்ளவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பது, அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து 1967-இல் வெளியான 'பீட்டர்ஸ் சேர்' என்னும் நூல். பீட்டர் அடுக்கிய கட்டைகள் சடசடவென்று சரிந்து விழ, வீட்டில் பாப்பா இருக்கிறது, சத்தமில்லாமல் விளையாடு என்கிறார் அம்மா. (நம் வீடுகளிலும் நாள் முழுக்கக் கேட்கும் பேச்சுதான் இது.) அவனுடைய பழைய தொட்டிலுக்குத் தங்கைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் பூசியாயிற்று. மிஞ்சியிருக்கும் சின்ன நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நாயையும் கூட்டிக்கொண்டு, பீட்டர் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஆனால் வாசலைத் தாண்டிப் போவதில்லை. கூடவே அவன் எடுத்துச் செல்லும் பொருள்களில், தான் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படமும் ஒன்று. அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நில்லுங்கள். உங்கள் பிள்ளை அந்தப் படத்தைக் கவனித்து ஏதேனும் கேட்டால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவனுடைய அல்லது அவளுடைய கைக்குழந்தைப் பருவப் படங்களை எடுத்துக் காட்டலாம்; அன்றைக்கு மீதிக் கதையைப் படிக்காவிட்டாலும் குறையில்லை. பிறகு பீட்டர் அந்த நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான். இடம் போதவில்லை, அவன் வளர்ந்துவிட்டான். யாரும் புத்தி சொல்லாமலே, தந்தையோடு சேர்ந்து தங்கைக்காக அதற்கு அவனே வண்ணம் பூசுகிறான்.

ரஸ்ஸல் ஹோபன் எழுத, லில்லியன் ஹோபன் படம் வரைந்த 'எ பேபி சிஸ்டர் ஃபார் ஃபிரான்சஸ்' என்னும் கதையும் (1964) இதே வகையைச் சேர்ந்தது. தங்கை பிறந்த பின் தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு ஃபிரான்சஸ் ஓடிப்போகும் இடம் சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கம்! அப்பாவும் அம்மாவும் அவளை இழுத்து வெளியே கொண்டுவராமல், அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று அவள் காதில் விழும்படி பேசிக்கொள்கிறார்கள். பெற்றோர் தமக்காகவும் ஒருமுறை படிக்க வேண்டிய பகுதி அது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஷெர்லி ஹியூஸின் 'டாகர்' (1977) சற்று வேறுபட்டது. தம்பி தொலைத்த துணிநாய்ப் பொம்மையை இன்னொரு சிறுமி வாங்கிவிட, அக்கா பெல்லா தனக்குப் பரிசாகக் கிடைத்த பெரிய கரடிப் பொம்மையை அவளிடம் கொடுத்து அதை மீட்டுத் தருகிறாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்பதுதான் இக்கதையை நான் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம். மூத்தவள் என்றாலே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சொல்லாமலே நடக்கும் சட்டமாக இருக்கிறது. ஏழு வயதுப் பெண் குழந்தை இடுப்பில் தம்பியைச் சுமந்து நிற்பதைக் காட்டி, 'குட்டி அம்மா' என்று மெச்சும் நூல்களை நான் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டேன்.

மேற்சொன்னவை ஆங்கில நூல்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து, வீட்டில் பேசும் தமிழில் கதையாகச் சொன்னாலே போதும். ஆகவே தாத்தாவும் பாட்டியும்கூடச் சொல்லலாம். தமிழிலேயே படிக்க விரும்புவோருக்குச் சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படக்கதை நூல்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கைபேசியிலேயே கட்டணமின்றிப் படிக்கலாம்.

இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் படிக்கும்போது சின்னக் குழந்தை மடியில் இருக்குமானால், பக்கம் புரட்டும் உரிமையைப் பெரிய குழந்தைக்குக் கொடுங்கள். முடிந்தால், பாப்பா தூங்கும் நேரத்தில் பெரிய குழந்தைக்கென்று தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அப்போது, "பாப்பாவை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டால் அதட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், கதையில் வரும் பிள்ளைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்குமோ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்திருக்கும் வீடுகளில், பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே இக்கதைகளைத் தொடங்குவது நல்லது. ஒரே பிள்ளை உள்ள வீடுகளுக்கும் இவை வரும். சித்தப்பா, பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளோடு நடக்கும் சண்டையும் சமாதானமும் அவர்களுக்கு உண்டல்லவா?

குழந்தை பாப்பாவை ஓயாமல் அடிப்பது, விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடர்வது போன்றவை நெடுநாள் நீடித்தால், புத்தகத்தை மட்டும் நம்பியிராமல் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ பேசுங்கள்.

நூல்களைத் திங்கட்கிழமை திருப்பி அனுப்பினால் போதும். இரு கைகள் ஒரே நேரத்தில் இழுத்துப் பக்கம் கிழிந்தால் செலோடேப் ஒட்டாமல் அப்படியே அனுப்பிவையுங்கள், நூலகத்தில் சரிசெய்துகொள்கிறோம். அதற்கு அபராதம் இல்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்