என் 82 பவுண்டைத் திருப்பிக் கொடுங்கள்: டெஸ்ட் தேதி தாண்டிய, எடை குறைந்த, கசிகிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இதே விஷயமாக ஆங்கிலத்தில் இரண்டு மின்னஞ்சல் போட்டாயிற்று. முதலாவதற்கு ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம் பதில் சொன்னது. இரண்டாவதற்கு மனிதர் யாரோ இரண்டு வரி எழுதியிருந்தார்: வீட்டு உபயோகத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, சிலிண்டரை நீங்களே கொண்டுவந்தால் 15 பவுண்டு கட்டணத்தில் பரிசோதித்துத் தருகிறோம். முதலாளி நம்ம ஆள்தான் என்று கவுண்ட்டரில் இருந்த தம்பி சொன்னது நினைவுக்கு வந்ததால் மூன்றாவதைத் தமிழில் எழுதுகிறேன். கோபமும் தமிழில்தான் எனக்கு ஒழுங்காக வருகிறது.

நான் லண்டன் வெம்பிளியில் இருக்கிறேன். ஆறு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். காய்ச்சுகிறேன் என்று சொன்னதும் ஊரில் அம்மா பதறிப்போய், போலீஸ் வராதா என்று கேட்டார். 1963 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் லைசென்ஸ் வாங்கும் கட்டாயத்தை எடுத்துவிட்டதிலிருந்து இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘வீட்டு உபயோகம்’ என்று நீங்கள் எழுதிய தோரணை ஏதோ நான் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது. உங்கள் இணையதளத்திலேயே ‘வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்கு உகந்தது, உணவுத் தரம், சோதிக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறது. பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11 சனிக்கிழமை, பீரில் காஸ் ஏற்ற, உங்களிடம் 3.15 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று வாங்கினேன். காஸுக்கு 32 பவுண்டு, டெபாசிட் 50. அதுவரை சோடா மெஷினுக்கு வருகிற சின்ன உருளைகளில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் இருப்பது 400 கிராம் சொச்சம், கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 30 பவுண்டைத் தாண்டுகிறது, கட்டுப்படியாகவில்லை. நண்பர் ஒருவர் பழைய தீயணைப்பு சிலிண்டரை வாங்கி மாட்டிப் பார்த்தார். அதற்குள் அடிவரை குழாய் இருக்கும், காஸுக்குப் பதில் திரவம்தான் மேலே வரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ரெகுலேட்டர் பனிக்கட்டியாகி ஒழிந்தது. அந்த வம்பே வேண்டாம், காசு கூடப் போனாலும் முறையான இடத்தில் வாங்குவோம் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டுவதற்கு முன்னால் எடை போட்டேன். இது என் பழக்கம். ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு இருக்கிறதே, அதில்தான். சிலிண்டரின் தோள்பட்டையில் வெற்று எடை 6.9 என்று அடித்திருக்கிறது. காஸ் 3.15 சேர்த்தால் 10 கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டியது 9.0. தராசு கெட்டுப்போச்சோ என்று 10 கிலோ பொன்னி அரிசி மூட்டையை மாட்டிப் பார்த்தேன், சரியாகப் பத்து. திரும்ப சிலிண்டர், திரும்ப 9.0. ஆக, உள்ளே இருந்தது 2.1 கிலோ. ஒரு கிலோவுக்கு மேல் காணோம். 19 லிட்டர் கெக் (பீர் பீப்பாய்) ஒன்றுக்கு காஸ் ஏற்ற 100 கிராம் போல ஆகும், அதைக் கடைசிவரை ஊற்றி முடிக்க இன்னொரு 60, 70 கிராம். காணாமல் போனது எனக்கு ஆறு கெக் பீருக்கான காஸ்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர், ‘கேஜ் எவ்வளவு சார் காட்டுது?’ என்று கேட்டார். அழுத்தம் 50 பார் என்றேன். ‘அப்ப ஃபுல் சார்’ என்றார். காஸ் விற்கிற கடையில் இப்படி ஒரு பதிலா? உள்ளே இருப்பது திரவம். 20 டிகிரியில் சுமார் 57 பார், குளிரில் அதைவிடக் குறைவு. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கிறவரை கேஜ் முள் அசையாது. முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் ஒரே அழுத்தம்தான். தராசு ஒன்றுதான் உண்மை சொல்லும். அப்புறம் அவரே, ‘தட்டுப்பாடு சார், எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்றார். 2021 செப்டம்பரில் பில்லிங்ஹாமிலும் இன்ஸிலும் உரத் தொழிற்சாலைகள் நின்றபோது இந்த நாடு முழுக்க காஸ் தட்டுப்பாடு வந்தது எனக்கும் தெரியும். அம்மோனியா தயாரிப்பில் உபரியாக வருவதுதானே இது. தட்டுப்பாடு என்றால் விலையை ஏற்றுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொள்கிறேன். எடையைக் குறைத்துவிட்டு அதே விலை வாங்குவதற்குப் பெயர் தட்டுப்பாடு இல்லை.

சரி, எடையோடு போயிருந்தால்கூட நான் இரண்டு வார்த்தை புலம்பிவிட்டு விட்டிருப்பேன். அன்று இரவு புது வாஷர் போட்டு ரெகுலேட்டரை மாட்டி, ஸ்பேனரால் இறுக்கி, வால்வைத் திறந்தேன். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பிரஷ்ஷால் தடவினேன். ரெகுலேட்டர் சேருகிற இடத்தில் ஒரு குமிழ் இல்லை. ஆனால் வால்வின் கைப்பிடிக்குக் கீழே, தண்டு உள்ளே போகிற இடத்தில், கடுகு சைஸில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் அந்தக் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக நுரை மாலை மாதிரி நின்றது. துடைத்துவிட்டுத் தடவினேன், மறுபடியும் அதே. அந்த இடம் முழுக்க உங்கள் பொருள், நான் ஸ்பேனர் வைத்த இடமே அல்ல.

மூடி, கழற்றி, டார்ச் அடித்துத் தோள்பட்டையைத் துருவிப் பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது. சாம்பல் நிறப் பெயின்டைப் புதிதாக அப்பியிருக்கிறீர்கள். நகத்தால் சுரண்டினால் அடியில் கடைசி டெஸ்ட் தேதி 2012 ஜூன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை. 2022 ஜூனோடு கெடு முடிந்துவிட்டது. தேதி தாண்டிய சிலிண்டரில் மறுபடி காஸ் நிரப்பவே கூடாது. ஆனால் உங்கள் ஸ்டிக்கர் நிரப்பிய மாதம் 2024 டிசம்பர் என்கிறது. அதே ஸ்டிக்கரில் உணவுத் தரம் என்பதற்கு அடையாளமாக ஈ290 என்றோ வேறு எதுவோ இல்லை. உங்கள் இணையதளம் சொன்ன மூன்றில் ஒன்றாவது நிஜமா?

இந்த சிலிண்டரை நான் வைக்க இருந்தது சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை. ஜனவரிக் குளிரில் ஜன்னல் திறப்பதே இல்லை. 2.1 கிலோ முழுக்கக் கசிந்தால் ஆயிரத்து நூறு லிட்டருக்கு மேல் காஸ், அந்த அறைக் காற்றில் ஐந்து சதவீதம். வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு இந்த நாடு அனுமதிக்கிற வரம்பு அரை சதவீதம். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடுதான் தேங்கும். என் மகளுக்கு நாலு வயது, அவள் வண்டி ஓட்டி விளையாடுவது அந்தத் தரையில்தான். சோப்புத் தண்ணீர் தடவாமல் படுக்கப் போயிருந்தால் என்று நினைத்து அன்று இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை. மனைவியிடம் இன்னும் முழுக்கச் சொல்லவில்லை, சொன்னால் பீர் விவகாரமே வீட்டை விட்டுப் போய்விடும்.

எனக்கு வேண்டியது இதுதான். 82 பவுண்டும் முழுசாகத் திரும்ப வேண்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் சொன்னபடி இல்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இன்று 13ஆவது நாள், அந்த உரிமையை இப்போது பயன்படுத்துகிறேன். கடனாக வரவு வைக்கிறோம், அடுத்த சிலிண்டரில் கழிக்கிறோம் என்ற பேச்செல்லாம் வேண்டாம். 15 பவுண்டு கட்டணமும் கட்ட மாட்டேன். கசிகிற சிலிண்டரைக் காரில் ஏற்றிக் கொண்டுவர மாட்டேன். நீங்களே வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அதே அடுக்கில் புதுப் பெயின்டோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு நின்றதைப் பார்த்தேன். அவற்றின் டெஸ்ட் தேதியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுத்தில் பதில் போடுங்கள். ஏழு நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் படங்களோடு உள்ளூர் வணிகத் தர (டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்) அதிகாரிகளிடம் கொடுத்துவிடுவேன்.

சிலிண்டர் இப்போது தோட்டத்தில், வேலியோரம், கட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறது, வால்வு மூடியிருக்கிறது. நேற்று எடை 8.8. சனிக்கிழமை மதியம்வரை வீட்டில் இருப்பேன், வண்டி வருவதானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜனவரி 11 ரசீதுக்காரன்