எந்தக் கம்பெனியில் பங்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுத் துறைகள் மக்களோடு இன்னும் நெருங்கிப் பழக வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பழக்கம் எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று, கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

போன மார்கழியில் ஒரு துறையிலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை, நாளைக்கும் அங்கே போய் நிற்க வேண்டியவன் நான். 'பங்குதாரர் கலந்தாய்வுக் கூட்டம்' என்று போட்டிருந்தது. அதைப் படித்த என் மனைவி, உங்களுக்கு எந்தக் கம்பெனியில் பங்கு இருக்கிறது, என்னிடம் சொல்லவே இல்லையே என்றாள். கூட்டம் ஊட்டியில், காலை பத்தரைக்கு. தேதியைப் பார்த்தால், எங்கள் படுகர் மக்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்த நாளுக்கு முந்தின நாள். விடுமுறை ஒரு நாள்தான், ஆனால் எங்கள் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், திருவிழா ஒரு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. அன்றைக்குப் பாதி ஊர் வெள்ளை உடுத்திக்கொண்டு ஹெத்தை கோயில் இருக்கிற பேரகணி பக்கம் நடந்துகொண்டிருந்தது, மீதிப் பேர் வந்த விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது ஏழு பேர், அதிலும் மூன்று பேர் வேறு துறைக்காரர்கள். டீ கொடுத்தார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'விவசாயிகள் போதிய ஆர்வம் காட்டவில்லை' என்று அப்புறம் அறிக்கையில் எழுதினார்களாம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் தேயிலை வாரியத்திலிருந்து ஓர் இளைஞர் பறித்த இலையை எடை போட்டு ஃபேக்டரிக்கு அனுப்புகிற எங்கள் ஊர் இலை ஷெட்டுக்கு வந்தார், மத்தியானம் லாரி வருகிற நேரமாகப் பார்த்து. மழைக்காலம். தராசுக்காரர் தண்ணீர்க் கழிவு என்று மூட்டைக்கு இத்தனை கிலோ பிடித்துக்கொண்டிருக்க, பெண்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி மைக் எதுவும் கேட்கவில்லை. என் கையிலிருந்த இலைச் சீட்டை வாங்கித் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் கணக்கு எழுதினார். குன்னூர் ஏலத்தில் இந்த மாதம் தேயிலைத் தூளின் சராசரி விலை இவ்வளவு, ஒரு கிலோ தூளுக்கு நாலு நாலரை கிலோ பச்சை இலை போகும், வருகிற பணத்தில் ஃபேக்டரிக்கு இத்தனை பங்கு விவசாயிக்கு இத்தனை பங்கு, இதை வைத்துத்தான் மாதாமாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறோம் என்றார். விலை என்னவோ ஏறவில்லை, எங்களுக்குக் கட்டுப்படியும் ஆகவில்லை. ஆனால் ரொம்ப வருடமாக இலை கொடுத்துவரும் எனக்கு விலை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தச் சீட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதமும் அவர் வந்தார். கொடுப்பதற்கு மானியம், நாற்று என்று கையில் ஒன்றும் இல்லாதபோதும் வந்தார், அதுதான் விஷயம். அவரை மாற்றிய பிறகும் எங்கள் ஆட்கள் அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்டார்கள், பாவம்.

எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முடியாது என்றால் முடியாது என்று சொன்னால் போதும், ஏன் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கான இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, 2024 மே 7 முதல் அமலுக்கு வந்தது, இங்கே உள்ள அதிகாரி யாரும் அதை மாற்ற முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அது வந்த புதிதில் டிஎன் 43 என்று நீலகிரியிலேயே பதிவான எங்கள் வண்டிக்கும் பாஸ் வேண்டுமா வேண்டாமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்ல, டாக்சி ஸ்டாண்டில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. ஒருவர் வந்து பத்து நிமிஷம் நின்று பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கிராம சபையிலும் இதே கதைதான். அக்டோபர் 2-ல் எழுந்து நின்று தடுப்புச் சுவர், காட்டெருமை, சாலை என்று வரிசையாகச் சொல்கிறோம், எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த சபை நவம்பர் 1-ல், ஒரே மாத இடைவெளி. போன தடவை எழுதின நோட்டைத் திறந்து, இது ஆச்சு, இது ஆகவில்லை, இது எங்கள் வேலையே இல்லை, இன்ன துறைக்கு அனுப்பிவிட்டோம் என்று முதலில் வாசித்துவிட்டுப் புதுசை ஆரம்பிக்கலாமே? இதுவரை ஒரு தடவைகூட அப்படி நடந்து நான் பார்க்கவில்லை.

அந்தப் பெயர் சொல்லாத துறை இப்போது எங்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறது. சந்தோஷம் என்று உள்ளே போய்ப் பார்த்தால், அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும். தினமும் பரிசளிப்பு போட்டோ வருகிறது. கட்டைவிரல் காட்டலாம், அவ்வளவுதான். என் இலையில் சிவப்புச் சிலந்திப் பூச்சி விழுந்திருக்கிறது, அந்தப் படத்தை யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

உங்கள் பத்திரிகையை அந்த அலுவலகத்தில் வாங்குகிறார்கள், மேஜையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் போட்டால் நல்லது. அடுத்த மார்கழிக் கூட்டத்துக்கு அழைப்பு அச்சடிக்கும் முன்னால், ஹப்பா என்றைக்கு என்று எங்கள் ஊரில் யாரையாவது ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி