காய் பிடிக்காத மாமரங்களும் வாகனப் புகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடங்களை ஒட்டி நிற்கும் மாமரங்கள் நன்றாகப் பூத்தும் காய் பிடிக்காமல் போனால், மழையையோ எருப் பற்றாக்குறையையோ காரணமாகச் சொல்வது நம் வழக்கம். மழையும் காரணந்தான், பூக்கும் சமயத்தில் தொடர்ந்து பெய்தால் பூஞ்சை பற்றிப் பூங்கொத்து கருகிவிடுகிறது. வாகனப் புகையையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே என் கருத்து.

மாம்பூவில் ஐந்து மகரந்தத் தண்டுகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றில்தான் வளமான மகரந்தம் உண்டாகிறது. அந்தச் சிறிதளவு மகரந்தம் சூல்முடியில் விழுந்து, முளைத்து, குழாய்போல் நீண்டு சூலை அடைந்தால்தான் பிஞ்சு தோன்றும். புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடும், புகையின் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உருவாகும் ஓசோனும், பல தாவரங்களில் மகரந்தத்தின் முளைக்கும் திறனைக் குறைப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. பாதிப்பு அதோடு நிற்பதில்லை. டீசல் புகை பட்ட பூமணத்தில் சில வேதிப்பொருள்கள் சிதைந்துவிடுவதால் தேனீக்களுக்கு அந்த மணத்தை அடையாளம் காண்பது கடினமாகிறது என்பதை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் கடுகு இனச் செடியொன்றின் மணத்தைக் கொண்டு எடுத்துக்காட்டினர். மாம்பூவைத் தேடிவருபவை பெரும்பாலும் ஈக்களே என்றாலும், அவையும் மணத்தை நம்பி வருபவைதாம்.

சிங்கப்பூரில் 2025 முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாறவேண்டும் என்பது இலக்கு. ஆயினும் டீசல் லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நிறுத்திய வாகனத்தின் இயந்திரத்தை ஓடவிடுவது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும், குளிர்சாதனத்துக்காக அப்படிச் செய்பவர்களை எந்தக் கார் நிறுத்துமிடத்திலும் காணலாம்.

இங்குள்ள மரங்களுக்கு எவ்வளவு பாதிப்பு என்பதை நாமே சோதித்துப் பார்க்கலாம். சர்க்கரையும் சிறிது போரிக் அமிலமும் கலந்த கரைசலில் மகரந்தத்தை இட்டு, எத்தனை முளைக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுவது தொடக்கக் கல்லூரி மாணவர்களால் முடியக்கூடிய வேலை. விரைவுச்சாலையோர மரத்தையும் பூங்காவின் உட்புறத்திலுள்ள மரத்தையும் ஒரே பருவத்தில் ஒப்பிட, தேசியப் பூங்காக் கழகம் அனுமதியும் வழிகாட்டுதலும் வழங்கவேண்டும். அதன் முடிவு தெரியும்வரை, புதிதாகப் பழமரம் நடும் சமூகத் தோட்டக் குழுக்கள் பேருந்து நிறுத்தங்களுக்கும் லாரிகள் நிற்கும் இடங்களுக்கும் சற்றுத் தள்ளி இடம் தேர்ந்தெடுப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்லண்ட்ஸ்